சக்கரத்துக்குச் சொந்தமான இடம்

டயருக்கும் அதன் மேலே வளைந்து நிற்கும் ஃபெண்டருக்கும் நடுவே நாலு விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். புதுக் கார் எடுத்த பையன்கள் பலருக்குக் கண்ணை உறுத்துவது அதுதான். "வண்டி ஜீப்பாட்டம் நிக்குதுங்ணா, கொஞ்சம் எறக்கிக் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். கையில் செல்போன் இருக்கும். அதில் ஜப்பானில் ஓடுகிற ஒரு ஸ்விஃப்ட்டின் படம், பதினேழு இஞ்ச் அலாய், டயரின் மேல்விளிம்பு ஃபெண்டரைத் தொட்டுக்கொண்டு. அழகில்லை என்று சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் படம் எடுத்தவர் காமிராவைத் தரையோடு தரையாக வைத்து எடுத்திருப்பார். அப்படி எடுத்தால் நம் ஊர்ச் சந்தில் நிற்கிற வண்டியும் இரண்டு சென்டிமீட்டர் இறங்கினது போலத்தான் தெரியும்.

கோவையில் சிங்காநல்லூர் பக்கம், திருச்சி ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். டயர், பேலன்சிங், சஸ்பென்ஷன் வேலை. பிழைப்பு வண்டிக்கு அடியில் என்பதால் எதையும் கீழேயிருந்து பார்த்தே பழக்கம். கீழேயிருந்து பார்த்தால் அந்த நாலு விரல் இடம் யாருடையது என்பது சட்டென்று தெரிந்துவிடும். மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே போக வேண்டும். போவதற்கு விட்ட இடம் அது. அதில் எவ்வளவு எடுத்தாலும் சக்கரத்தின் பங்கிலிருந்துதான் எடுக்கிறோம். எடுக்கவே கூடாது என்பது என் கட்சி இல்லை. என் வண்டியிலும் எடுத்திருக்கிறேன். எவ்வளவு எடுக்கலாம், எடுத்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று கேட்காமல் எடுப்பதுதான் எனக்கு ஆகாதது.

ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்வோம். கோவையில் எந்தச் சிக்னலில் நின்றாலும் சுற்றி இரண்டு மூன்று நிற்கும். 2018-இல் வந்த மாடலுக்கும் 2024-இல் வந்ததற்கும் கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். ஜப்பானில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 120. செல்போனில் காட்டுகிற அழகின் ரகசியம் இந்த 43 மில்லிமீட்டர். ஆனால் அந்த வண்டி 120-இல் நிற்பதற்கென்றே அதன் ஸ்பிரிங், ஷாக், உள்ளே இருக்கும் ரப்பர், சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சாய்வு எல்லாம் சேர்த்து அமைக்கப்பட்டது. அங்கே ரோடும் வேறு. இங்கே அதே சுசூகிதான் யோசித்து வண்டியைத் தூக்கி வைத்திருக்கிறது.

தூக்கி வைத்ததற்குக் காரணம் நம்முடைய வேகத்தடைகள். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பையன்களுக்குப் பேப்பரில் போட்டே காட்டுவேன். இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று அளவு வகுத்திருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்தின் ஒரு துண்டு போல மெதுவாக எழுந்து மெதுவாக இறங்க வேண்டும். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் தாண்டலாம். ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.45 மீட்டர். அதாவது வண்டியின் நடுவயிறு மேட்டின் உச்சியில் இருக்கும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். கணக்குப் போட்டால் மேடு வயிற்றை நோக்கி எழுவது வெறும் 44 மில்லிமீட்டர். 163-இல் 44 போனால் 119 மிச்சம். நாற்பது மில்லிமீட்டர் இறக்கின வண்டிகூடத் தாராளமாகத் தாண்டிவிடும்.

நம் தெருவில் இருப்பது அந்த மேடா? பள்ளிக்கூட வாசலில், கோயில் முன்னால், கவுன்சிலர் வீட்டுக்கு எதிரில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட மேடு அரை மீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் உயரம், சுவர் மாதிரி நிற்கும். முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் இன்னும் ஏறாத நேரத்தில் மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்குக் கீழே வந்துவிடும். 163-இல் 150 போனால் 13 மில்லிமீட்டர். ஒரு விரல். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஊருக்குப் போகிற மூட்டை என்றால் பின்பக்கம் நாலு சென்டிமீட்டர் சாதாரணமாக அமுங்கும். அப்போது கம்பெனி உயரத்திலேயே சைலன்சர் பைப் உரசும். இந்த மேடுகளை இடித்தாலே பாதிப் பேர் இறக்கின வண்டியை நிம்மதியாக ஓட்டலாம் என்பது என் அபிப்பிராயம். யார் இடிப்பது?

சரி, வயிறு உரசாமல் மேட்டைக் குறுக்காக ஏற்றி இறக்கிச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது உள்ளே இருக்கிறது. ஷாக் அப்சார்பரின் தண்டு கீழ்நோக்கி எவ்வளவு அமுங்க முடியும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ரப்பர் கட்டை காத்திருக்கும், பம்ப் ஸ்டாப் என்று பெயர். வண்டி சும்மா நிற்கும்போது அந்த ரப்பருக்கு முன்னால் இருக்கிற தூரம்தான் சக்கரத்தின் கைச்செலவு. வண்டியை முப்பது மில்லிமீட்டர் இறக்கினால், பள்ளம் எதுவும் வருவதற்கு முன்னாலேயே அதில் முப்பது செலவாகிவிட்டது. தீர்ந்துபோனால் அதற்குமேல் ஸ்பிரிங்குக்கு வேலை இல்லை. ரோட்டின் அடி நேராக ரப்பருக்கும், ரப்பரிலிருந்து மேலே ஸ்ட்ரட் மவுண்டுக்கும், அங்கிருந்து உட்கார்ந்திருப்பவர் முதுகுக்கும் போகும்.

மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். பந்தய வண்டிக்காரர்கள் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. ஷாக்கின் தண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளவென்று இருக்கும் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையைச் சுற்றி, நழுவுகிற அளவுக்கு இறுக்கி, அதை ஷாக்கின் உடம்போடு ஒட்டக் கீழே தள்ளி வைப்பார்கள். பிறகு வழக்கமாகப் போகிற ரோட்டில், வழக்கமாக ஏற்றுகிற ஆட்களோடு ஒரு சுற்று. தண்டு உள்ளே அமுங்கும்போதெல்லாம் ஷாக்கின் உடம்பு அந்த டையை மேலே தள்ளிவிடும். தண்டு திரும்பி வெளியே வந்தாலும் டை தள்ளின இடத்திலேயே நிற்கும். திரும்பி வந்து அளந்தால் தண்டு அதிகபட்சம் எதுவரை அமுங்கியது என்று மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். அங்கிருந்து ரப்பர் வரை இருப்பதுதான் உங்கள் மிச்சம். உக்கடம் பக்கம் ஓட்டிவிட்டு வந்த வண்டிகளில் டை ரப்பருக்கு அடியில் போய் நசுங்கி நிற்கிறதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் கம்பெனி ஸ்பிரிங்கோடு. அந்த வண்டிக்காரரிடம் இறக்குகிற பேச்சை நானே எடுக்க மாட்டேன்.

இனி, இறக்குவது எப்படி. ஊரில் மலிவாக நடப்பது ஸ்பிரிங்கை அறுப்பது. கிரைண்டர் வைத்து ஒரு சுற்று, தைரியம் இருந்தால் ஒன்றரைச் சுற்று. அரை மணி நேரத்தில் வேலை முடிந்து வண்டி தரையில் ஒட்டி நிற்கும். இன்னும் மோசமானது, கேஸ் வெல்டிங் நெருப்பில் ஸ்பிரிங்கைச் சூடுபண்ணி அமுங்க விடுவது. ஸ்பிரிங் கம்பியின் உயிரே அதன் பதம். சிவக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும், பிறகு அது வளைந்த கம்பி, அவ்வளவுதான். அறுப்பதில் பதம் போகாது என்று வைத்துக்கொண்டாலும் வேறு தொல்லைகள். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் மிச்சம் ஐந்து, கடினம் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் இருபது சதவீதம்தான் கூடுகிறது. உயரமோ அதைவிட வேகமாகக் குறைகிறது. குறைந்த தூரத்துக்குள் அதே அடியைத் தாங்குகிற அளவுக்குக் கடினம் கூடவில்லை என்று அர்த்தம். அதனால் அறுத்த வண்டி ரப்பரில்தான் ஓடும்.

அறுத்ததில் எனக்குப் பயம் தருவது இன்னொன்று. சில மாதங்களுக்கு முன்னால் கல்லூரிப் பையன் ஒருவன் இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட் கொண்டுவந்தான். வேறெங்கோ அறுத்தது. "டயர் சீக்கிரம் போயிருதுங்ணா, அலைன்மென்ட் பாருங்க" என்றான். லிஃப்டில் தூக்கியதும் நாலு சக்கரமும் தொங்கின. பின் ஸ்பிரிங்கைக் கையால் பிடித்தேன். சுழன்றது. லாரியில் கட்டாமல் வைத்த டிரம் மாதிரி, இருந்த இடத்தில் அதற்குப் பிடிமானமே இல்லை.

"தம்பி, இந்தப் பக்கம் வா. கைய வெச்சுப் பாரு."

சுழற்றிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. "வேகமா மேடு தாண்டறப்ப டொக்குனு ஒரு சத்தம் வருமுங்ணா. நான் சைலன்சருன்னு நெனச்சேன்."

சக்கரம் ஒரு கணம் தொங்குகிறபோது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுக் கழன்று, சக்கரம் திரும்பி ஏறும்போது மறுபடி போய் உட்கார்கிற சத்தம் அது. ஒரு நாள் சரியாக உட்காரவில்லை என்றால்? ஸ்விஃப்ட்டின் பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. நழுவினால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. யாராவது உங்கள் வண்டியை ஏற்கெனவே இறக்கியிருந்தால் ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைத் திருகிப் பாருங்கள். அசையக் கூடாது. அந்தப் பையனை அன்றைக்கே பழைய கம்பெனி ஸ்பிரிங் ஒரு செட் வாங்கிவரச் சொல்லி மாட்டி அனுப்பினேன்.

முறையான வழி, அந்த மாடலுக்கென்று செய்த லோயரிங் ஸ்பிரிங் செட். உயரம் குறைவு, கடினம் அதற்கேற்பக் கூடுதல், இரண்டு முனையும் இருக்கையில் சரியாக உட்காரும், தொங்கும்போதும் பிடி விடாது. இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து என்று இறக்கத்தின் அளவு போட்டே விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது ஷாக்கை. ஸ்பிரிங் கடினமானால் அது திரும்பித் தள்ளுகிற வேகமும் கூடும். ஓடித் தேய்ந்த பழைய ஷாக்கால் அதை அடக்க முடியாது. ஒரு மேடு தாண்டினால் வண்டி மூன்று தரம் எழுந்து எழுந்து உட்காரும். அறுபது எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடின ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங்கை மாட்டச் சொன்னால் நான் மாட்டுவதில்லை. பணம் அவ்வளவுதான் இருக்கிறது என்றால் முதலில் ஷாக்கை மாற்றச் சொல்வேன். கம்பெனி உயரத்திலேயே நல்ல ஷாக் போட்ட வண்டியின் சுகம் பல பேருக்குத் தெரியாது. உயரத்தைத் திருகி மாற்றுகிற காயில்ஓவர் இருக்கிறது. தினமும் ஆபீசுக்கும் கடைவீதிக்கும் போகிற வண்டிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. நம் தூசியிலும் மழையிலும் திருகுகிற மரை ஒரு வருஷத்தில் இறுகிவிடும், அதற்குப் பிறகு அதுவும் அசையாத ஸ்பிரிங்தான்.

இன்னும் இறக்கினால் இன்னும் ஒட்டி ஓடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இதில் பாதிதான் உண்மை. ஸ்விஃப்ட், ஐ20, பலேனோ எல்லாவற்றுக்கும் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். வளைவில் வண்டி சாய்வதற்கு ரோல் சென்டர் என்று ஒரு புள்ளி உண்டு, லோயர் ஆர்மின் சாய்வை வைத்து அது அமையும். வண்டியை இறக்கும்போது எடையின் மையம் கொஞ்சம் கீழே வருகிறது, ஆனால் ஆர்மின் சாய்வு மாறுவதால் ரோல் சென்டர் அதைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது. அந்தத் தூரம்தான் வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல். ஆக ஒரு அளவுக்கு மேல் இறக்கினால், தாழ்ந்து நிற்கிற வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். கடினமான ஸ்பிரிங் அதை மறைத்து வைக்கும். ஸ்டீயரிங் ராடின் கோணமும் கெட்டுப்போய், மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். லோயர் ஆர்ம் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கிற வரை சரி. சக்கரத்தின் பக்கம் ஆர்ம் மேல்நோக்கி ஏறிவிட்டால் எல்லை தாண்டியாயிற்று என்பது நான் கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கு.

இதை எங்கள் ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர் இது. பந்தய வண்டி இங்கே புதுசு இல்லை. 2018-இல் டாடா கம்பெனி கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸோடு சேர்ந்து டியாகோ ஜேடிபி என்று ஒரு வண்டி கொண்டுவந்தது. டர்போ இன்ஜின், 114 குதிரைசக்தி, வேகத்துக்கென்றே செய்தது. பந்தய வண்டி கட்டின அனுபவம் உள்ள ஆட்கள் அதன் சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள். சாதா டியாகோவைவிட எவ்வளவு இறக்கினார்கள் தெரியுமா? நாலு மில்லிமீட்டர். நாற்பது கேட்டு வருகிற பையன்களிடம் இதைச் சொன்னால் நம்புவதே இல்லை. மிச்சம் எல்லாவற்றையும் ஸ்பிரிங், ஷாக், டயரில் சாதித்தார்கள்.

இறக்கின அன்றைக்கே அலைன்மென்ட் பார்க்க வேண்டும். என் கடைக்கு வியாபாரம் பிடிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வண்டி தாழ்ந்தால் முன் சக்கரம் தலைப்பக்கம் உள்ளே சாயும், அது கேம்பர். அதைவிட டயரைத் தின்பது டோ, அதாவது இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று பார்க்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பது. ஒரு சக்கரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் பிசகு என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்கிறது. அந்தக் கல்லூரிப் பையனின் முன் டயரை வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாகவே இருந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து உள் ஓரத்தைப் பார்த்தால் கம்பி எட்டிப் பார்த்தது. ஸ்விஃப்ட்டின் பின்பக்கம் ஒரே பீம். அங்கே திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. அதனால் பின் டயர் தேய்ந்தால் பழியை மெஷின்காரர் மேல் போடாதீர்கள்.

வீலுக்கு வருவோம். என்னைக் கேட்டால் வண்டி நிற்கிற தோற்றத்தில் முக்கால்வாசி வீலும் டயரும்தான். சரியான அளவு போட்டுவிட்டால் பல பேர் இறக்குகிற எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள்.

முதல் கணக்கு டயரின் மொத்த உயரம். கீழ் வேரியன்ட் ஸ்விஃப்ட்டில் 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15. முதல் எண் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம், மூன்றாவது வீலின் விட்டம் இஞ்சில். பெருக்கிக் கூட்டினால் இரண்டும் 620 மில்லிமீட்டரை ஒட்டி வரும். 195/55 ஆர்16 போட்டாலும் 621. வீல் பெரிதாகும், டயர் உயரம் அப்படியே, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. இதுவே விலை குறைவு என்று 195/50 ஆர்16 போட்டால் 601. வண்டி தரையிலிருந்து பத்து மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும், மீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 97-இல் போவீர்கள்.

பதினேழு இஞ்ச்? போடலாம், 205/45 ஆர்17 என்றால் 616. ஆனால் பக்கச்சுவரைப் பாருங்கள். பதினாலில் 132 மில்லிமீட்டர், பதினைந்தில் 120, பதினாறில் 107, பதினேழில் 92. பள்ளத்தின் விளிம்பு டயரை நசுக்கும்போது வீலைக் காப்பாற்ற இருப்பது அந்தச் சுவர் மட்டும்தான். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடின ரோட்டில் ஒரு தரம் இறங்கினால் சுவரில் முட்டை மாதிரி வீங்கிவிடும், அந்த டயருக்கு ரிப்பேர் இல்லை, மாற்றத்தான் வேண்டும். வீல் விளிம்பும் வளையும். கோவைக்குள் ஓட்டுகிற வண்டிக்குப் பதினாறோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். டயரின் லோடு எண்ணையும் பாருங்கள்: 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545. வால்பாறைக்கு நாற்பது ஊசி வளைவு ஏறுகிற வண்டியில் ஐந்து பேர் இருக்கும்போது அந்த எண்ணைப் பற்றி யோசிப்பதைவிட வாங்கும்போதே யோசிப்பது நல்லது.

அடுத்தது பொருத்தம். ஸ்விஃப்ட்டுக்கு நாலு போல்ட், நூறு மில்லிமீட்டர் வட்டத்தில்; கடையில் நாலு-நூறு பிசிடி என்பார்கள். ஐ20-க்கும் ஹோண்டா சிட்டிக்கும் அதே நாலு-நூறு இருப்பதால் "மச்சான் வண்டியில இருந்து கழட்டி மாட்டிக்கலாங்களா" என்று கேட்பவர்கள் உண்டு. துளை ஒத்துவரும், நட் ஒத்துவராது. சுசூகி போல்ட்டின் மரை 1.25 பிட்ச், ஹூண்டாய், ஹோண்டா 1.5. முதல் இரண்டு சுற்று கையில் ஏறுவது போல இருக்கும். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் மரை சிதைந்துவிடும். ஹோண்டாவின் கம்பெனி நட்டுக்கு அடி உருண்டை, வெளி அலாய்களுக்குக் கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் இறுக்கினால் ஒரு வளையம்போல மட்டும் தொடும், ஓட ஓடத் தளரும்.

நடுத்துளை விஷயம் சத்தமில்லாத தொல்லை. ஸ்விஃப்ட் ஹப்பின் நடுமேடு 54.1 மில்லிமீட்டர். வெளியில் விற்கிற அலாயின் நடுத்துளை எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று பெரும்பாலும் 67.1 அல்லது 73.1 இருக்கும். நடுவில் காலியிடம் இருந்தால் வீல் மையத்தில் உட்காரும் என்று உறுதி இல்லை. எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும், பேலன்சிங் எத்தனை தரம் செய்தாலும் போகாது. அதற்கு ஹப் ரிங். பிளாஸ்டிக்கில் கிடைக்கும், பிரேக் சூட்டில் நாளடைவில் உருக்குலையும். கோவையில் இருந்துகொண்டு பிளாஸ்டிக் எதற்கு? கணபதி பக்கம் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் அலுமினியத்தில் கடைந்து கொடுப்பார்கள். வெர்னியர் வைத்து ஹப்பையும் வீலையும் அளந்து எழுதி எடுத்துப்போனால் சரி. நான் அனுப்புகிற லேத்துக்காரர் ரிங்கைக் கையில் கொடுக்க மாட்டார். என் ஹப்பைக் கொண்டுவரச் சொல்லி, விரலால் அழுத்தினால் உள்ளே போய், இழுத்தால் கொஞ்சம் மனசில்லாமல் வெளியே வருகிற அளவுக்கு வந்த பிறகுதான் காசு வாங்குவார்.

ஆஃப்செட்டைத்தான் பையன்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். வீல் ஹப்பில் ஒட்டுகிற முகம், வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே இருக்கிறது என்பது அது. ஆறு இஞ்ச் அகலம், 45 ஆஃப்செட் வீலைக் கழற்றிவிட்டு ஏழு இஞ்ச் அகலம், 35 ஆஃப்செட் மாட்டினால் உள்பக்கம் மூன்று மில்லிமீட்டர் கூட நெருங்காது, வெளிப்பக்கம் 23 மில்லிமீட்டர் தள்ளிவிடும். பார்க்க அகலமாக, கெத்தாக இருக்கும். வீல் பேரிங்குக்கு வருகிற நெம்பு கூடும், பள்ளத்தில் ஸ்டீயரிங் வெட்டும், மழையில் கதவெல்லாம் சேறு, இறக்கின வண்டியாக இருந்தால் ஃபெண்டர் விளிம்பு டயரைச் சீவும். 40-லிருந்து 45-க்குள், ஆறு அல்லது ஆறரை இஞ்ச் அகலம். அதற்கு வெளியே நான் போவதில்லை.

வாங்கும்போது வீலைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். ஜேடபிள்யூஎல் அல்லது ஐஎஸ்ஐ முத்திரை, தாங்கும் எடை, ஆஃப்செட் எல்லாம் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். எதுவும் இல்லாத வீலை, டிசைன் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடையிலேயே விட்டுவிடுங்கள். முடிந்தால் எடை மெஷினில் வைக்கச் சொல்லுங்கள். பழைய வீலைவிட ஒன்றிரண்டு கிலோ கூடினால்கூடப் பிக்கப், பிரேக், ஷாக் மூன்றும் அதை உணரும்.

போலீஸ் பிடிக்குமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்று வந்துவிட்டது. கம்பெனி மேல் வேரியன்ட்டுக்குக் கொடுக்கிற அளவு வீலைப் போட்டால் தலைவலி இல்லை. அதைத் தாண்டினால் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் சொல்லிவையுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது சக்கரத்தைத்தான்.

என் ஸ்விஃப்ட்டில் பதினாறு இஞ்ச் அலாய், 195/55 டயர், புது ஷாக், இருபத்தைந்து மில்லிமீட்டர் இறக்கின ஸ்பிரிங். ஸ்பிரிங் ஓடி அடங்க ஒரு மாதம் ஆகும், அதற்குள் இன்னும் நாலைந்து மில்லிமீட்டர் இறங்கும் என்று கணக்கில் வைத்துக்கொண்டேன். அடங்கின பிறகு அலைன்மென்ட்டை மறுபடி பார்த்தேன். நட்டை நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தரம் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கிப் பார்த்தேன். ஹெட்லைட்டையும் சுவருக்கு நேராக நிறுத்தித் திருத்தினேன். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கவில்லை என்றால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்டெப்னி பழைய இரும்பு வீல்தான், டயர் உயரம் ஒன்றாக இருப்பதால் பஞ்சர் கடை வரை போக அது போதும். அதற்கான பழைய நட்டு நாலும் டிக்கியில் ஒரு துணிப்பையில் கிடக்கின்றன. மழைக்காலத்தில் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்றால் நான் சுற்றிக்கொண்டு போகிறேன், வண்டியை இறக்குவதற்கு முன்னாலும் அப்படித்தான் செய்தேன். இதற்குமேல் பத்து மில்லிமீட்டர் வேண்டும் என்று என் கடையில் பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கேபிள் டை ஒன்றைக் கையில் கொடுத்து, கட்டிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். அளவைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.